75 மில்லிமீட்டர் ரெசின் சாமுராய்: வாங்குமுன் எதைப் பார்ப்பது, எதை விட்டுவிடலாம்

பட்டர்வொர்த்தில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது. கோலாலம்பூரில் ஒருவர் ரெசின் என்னும் செயற்கைப் பிசினில் செய்த 75 மில்லிமீட்டர் உயரச் சாமுராய்ச் சிற்பம் ஒன்றை, ஒட்டாத, வண்ணம் பூசாத பாகங்களாகப் பெட்டியோடு 420 ரிங்கிட்டுக்கு விற்க முன்வந்திருக்கிறார். 1600ஆம் ஆண்டு செகிகஹாரா போரில் நின்ற ஈட்டி வீரன் என்றும், மிக மிக நுணுக்கமான வேலைப்பாடு என்றும் விளம்பரம் சொல்கிறது. ஆனால் வந்து சேர்ந்தவை வண்ணம் தீட்டி முடித்த இரண்டு படங்கள் மட்டுமே. இதுவரை கண்டாம் என்னும் ஜப்பானிய இயந்திர மனிதப் பிளாஸ்டிக் தொகுப்புகளும் 1/35 அளவுப் படைவீரர்களும் செய்து பழகிய தமக்கு இந்த விலை தகுமா, கவசம் சரித்திரத்துக்குப் பொருந்துகிறதா, அடுக்குமாடி வீட்டில் இதைச் செய்து முடிக்க முடியுமா என்று மூன்று கேள்விகளை அவர் வைத்திருக்கிறார். பினாங்கில் இருந்துகொண்டு பல ஆண்டுகளாகச் சாமுராய்ச் சிற்பங்களுக்கே பெரும்பாலும் தூரிகை பிடித்து வருபவன் என்ற முறையில் என் கருத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், அந்த இரண்டு படங்களை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பெட்டியின் மேல் அச்சாகும் படத்துக்கு வண்ணம் தீட்டுபவர் தேர்ந்த கைக்காரர். ரெசினில் இல்லாத மடிப்பையும் பூவேலையையும் குடும்பச் சின்னத்தையும் அவர் தூரிகையாலேயே உண்டாக்கிவிடுவார். நிழலை ஆழமாகவும் வெளிச்சத்தைக் கூர்மையாகவும் தீட்டினால், மொண்ணையாக வார்க்கப்பட்ட முகமும் படத்தில் உயிரோடு தெரியும். நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை சாம்பல் நிறத்திலோ பழுப்பு நிறத்திலோ உள்ள வெறும் பாகங்களின் படங்கள். அதுவும் பக்கவாட்டிலிருந்து ஒரே விளக்கின் ஒளி சாய்வாக விழும்படி எடுத்த படங்கள். கைப்பேசியின் விளக்கே அதற்குப் போதும். நேர் ஒளியில் எல்லா வார்ப்பும் நன்றாகத்தான் இருக்கும். சாய்ந்த ஒளியில்தான் பள்ளம் எது, வெறும் கீறல் எது என்று பிரிந்து தெரியும்.

இந்தப் பள்ளத்தின் ஆழம்தான் என்னைப் பொறுத்தவரை முதல் அளவுகோல். ஒரு சிற்பத்தில் எத்தனை குஞ்சம், எத்தனை ஆணித்தலை, எத்தனை கயிறு செதுக்கப்பட்டிருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பதால் பயனில்லை. வண்ணம் பிடிப்பதற்காக முதலில் அடிக்கும் பிரைமர் ஒரு படலம், அடிவண்ணம் இரண்டு படலம், அதன் மேல் நிழலுக்கு நீர்த்த வண்ணம், கடைசியில் வார்னிஷ் என்று இத்தனையும் ஏறிய பிறகும் அந்த வேலைப்பாடு கண்ணுக்குத் தெரிய வேண்டும். கணினியில் செதுக்கும் கலைஞர்கள் திரையில் உருவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தே வேலை செய்வதால், 75 மில்லிமீட்டருக்குச் சுருக்கியதும் காணாமற்போகும் அளவுக்கு மெல்லிய வேலையைப் பல நேரங்களில் செய்துவிடுகிறார்கள். திரையில் அது வியப்பைத் தரும். கையில் எடுத்தால் சொரசொரப்பாக மட்டுமே தெரியும்.

சாமுராய் விஷயத்தில் இதைச் சோதிக்க ஓர் இடம் இருக்கிறது. கவசத்தின் தகடுகளை ஒன்றோடொன்று கோத்துக் கட்டும் பட்டு நாடாக்களை, அதாவது ஒதோஷி எனப்படும் பின்னலை, எல்லாவற்றுக்கும் முன் பாருங்கள். உண்மைக் கவசத்தில் அந்த நாடா ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான அகலம் கொண்டது. 75 மில்லிமீட்டர் உருவத்துக்குப் பொதுவாகச் சொல்லும் 1/24 என்ற கணக்கில் அது ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். அந்த அகலத்தில் ஒவ்வொரு நாடாவும் தனித்தனியாகப் பிரிந்து, அதன் பின்னல் சாய்வு தெரிந்து, நாடா தகட்டின் துளைக்குள் நுழையும் இடத்தில் சிறு பள்ளம் விழுந்திருந்தால், செதுக்கியவரும் வார்த்தவரும் தங்கள் தொழிலை அறிந்தவர்கள் என்று துணிந்து சொல்லலாம். வெறும் குத்துக் கோடுகளை வரிசையாகக் கீறிவிட்டு நாடா என்று விட்டிருந்தால், மீதியுள்ள வேலையையும் அதே மனநிலையில்தான் செய்திருப்பார்கள்.

இங்கே சரித்திரக் கேள்வி நுழைகிறது. அந்தப் பின்னலில் இரண்டு பெரும் வகைகள் உண்டு. நாடாக்களை இடைவெளி இல்லாமல் நெருக்கமாகக் கட்டுவது கெபிகி. இரண்டிரண்டாகச் சேர்த்து, நடுவே இடம் விட்டுக் கட்டுவது ஸுகாகே. எட்டாம் நூற்றாண்டின் இறுதி முதல் பதினான்காம் நூற்றாண்டின் முற்பகுதி வரையிலான ஹெய்யான், காமகுரா காலங்களில் குதிரை மேலிருந்து அம்பு எய்த வீரர்கள் அணிந்த ஓயோரோய் என்னும் பெட்டி போன்ற கவசம், சிறு சிறு செதில்களை நெருக்கமான பின்னலால் கட்டி உருவாக்கியது. 1543இல் தனேகஷிமா தீவில் போர்த்துக்கேயர் மூலம் துப்பாக்கி வந்து சேர்ந்தது. அந்த நூற்றாண்டு முழுக்கக் காலாட்படைகளும் பெருகின. வேகமாகச் செய்து முடிக்கக்கூடிய, குண்டுக்கு ஓரளவேனும் தாங்கக்கூடிய கவசம் தேவைப்பட்டது. செதில்களின் இடத்தைப் பெரிய இரும்புத் தகடுகள் பிடித்தன, பின்னல் குறைந்தது, தோளில் தொங்கிய பெரிய ஸோதே கேடயங்கள் சிறுத்தன. சிலர் அவற்றை அணியாமலே விட்டார்கள். இந்தப் பிற்காலக் கவசத்துக்குத் தோசேய் குசோகு என்று பெயர்.

ஆகவே 1600ஆம் ஆண்டின் சாதாரண ஈட்டி வீரன் உடலெங்கும் நெருக்கமான பட்டுப் பின்னலோடும் அகன்ற தோட்கவசத்தோடும் நின்றால், அவன் செகிகஹாராவுக்கு மூன்று நான்கு நூற்றாண்டுகள் முந்தியவனாகவே தோற்றம் தருகிறான் என்று பொருள். உயர்நிலைத் தலைவர்கள் பழைய பாணியை விரும்பி அணிந்ததும் உண்டு. அதனால் இதை மட்டும் வைத்துப் பிழை என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் விளம்பரத்தில் சாதாரண வீரன் என்று போட்டுவிட்டு உடலில் பிரபுவின் பின்னலைப் போர்த்தியிருந்தால், வாங்குவோரின் கண்ணை ஈர்க்கவே அது செதுக்கப்பட்டிருக்கிறது. என் ருசிக்கு, வழுவழுப்பான கருப்பு அரக்குத் தகடுகளும் அளவான ஸுகாகே பின்னலும் கொண்ட வீரன்தான் அந்தப் போருக்குப் பொருத்தமானவன். வார்ப்பவருக்கும் அவன்தான் கடினமான தேர்வு, ஏனெனில் பின்னலுக்குள் ஒரு காற்றுக்குமிழ் ஒளிந்துகொள்ளும், வழுவழுப்பான தகட்டின் மேல் அதற்கு ஒளிய இடமில்லை.

தலைக்கவசத்துக்கு வருவோம். கபுத்தோ எனப்படும் அந்தத் தலைக்கவசத்தின் கிண்ணம் பல தகடுகளை ஓரமாக அடுக்கி ஆணியடித்துச் செய்யப்படுவது. விளிம்புகள் மேடாக எழும்பி நிற்கும் ஸுஜிபாச்சி வகையில் 62 தகடுகள் கொண்டவை பெயர்பெற்றவை. உண்மையான கிண்ணத்தின் சுற்றளவை ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1/24 அளவில் அது 29 மில்லிமீட்டர். அதில் 62 மேடுகள் என்றால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் அரை மில்லிமீட்டர்கூட இராது. அந்த மேடுகள் உச்சியிலுள்ள துளையை நோக்கிச் சீராகக் குவிய வேண்டும். ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் அகலமாகவும் இருந்தாலோ, அச்சின் இரு பாதிகள் சந்திக்கும் இடத்தில் மட்டும் மேடுகள் தேய்ந்து மறைந்தாலோ, அந்தத் தலையைச் சீர்செய்ய உங்களால் முடியாது, என்னாலும் முடியாது. எண்ணிக்கை 62 இல்லாமல் 32 ஆக இருந்தால் குறையொன்றுமில்லை. அத்தகைய கிண்ணங்களும் இருந்தன, இந்த அளவில் அவை தூரிகைக்கு இடமும் கொடுக்கும்.

கணினிச் சிற்பங்களுக்கே உரிய ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். செதுக்கும் மென்பொருளில் ஒரு பக்கத்தைச் செய்தால் மறுபக்கம் கண்ணாடிப் பிம்பமாகத் தானே உருவாகும் வசதி இருக்கிறது. வேலை மிச்சம்தான், ஆனால் ஜப்பானியக் கவசமும் உடையும் இரு பக்கமும் ஒன்றாக இருப்பவை அல்ல. ஓயோரோயில் வலது மார்பின் மேல் தொங்குவது செதில்களைக் கோத்த, வளைந்து கொடுக்கும் சிறு கேடயம். இடது மார்பின் மேல் இருப்பது ஒரே தகடாலான, வேறு வடிவக் கேடயம். வில்லை இழுக்கும் வலக்கை அசைவதற்கு இடம் வேண்டும் என்பதால் வந்த வேறுபாடு இது. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் செதுக்கியவர் பொத்தானை அழுத்தியிருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம். அதே போல, உள்ளே அணியும் மேலாடையின் கழுத்தோரத்தில் அணிந்தவரின் இடப்பக்கத் துணிதான் வலப்பக்கத்தின் மேல் வர வேண்டும். மாறி வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. வாள்கள் இடது இடுப்பில் இருக்க வேண்டும். தாச்சி என்னும் நீண்ட வாள் கூர்ப்பக்கம் கீழ்நோக்கித் தொங்கும், இடைக்கச்சையில் செருகிய கத்தானா என்னும் வாள் கூர்ப்பக்கம் மேல்நோக்கி இருக்கும். போர்க்களத்தில் கவசத்தின் மேல் கத்தானாவையும் தனிப் பிடிப்பு வைத்துத் தாச்சியைப் போலத் தொங்கவிட்டதுண்டு. எனவே கவச வீரனிடம் கூர்ப்பக்கம் கீழே இருந்தால் உடனே குற்றம் சொல்லிவிடாதீர்கள்.

பினாங்கு லெபோ பசாரில் பட்டுச்சேலை எடுக்கும் நம் வீட்டுப் பெண்கள் முந்தானையைப் புரட்டிப் பின்புறத்து நூலைப் பார்த்த பிறகுதான் விலையைப் பற்றியே பேசுவார்கள். சிற்பத்துக்கும் அதே பார்வை வேண்டும். முதுகுப் பக்கப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். முன்புறத்துக்கான ஆதாரப் படங்கள் எளிதில் கிடைக்கும். முதுகுக்கு அருங்காட்சியகப் படங்களைத் தேடிப் படிக்க வேண்டும், அந்த உழைப்பைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். முதுகின் நடுவே வளையத்தில் கட்டிய அகேமாகி என்னும் பெரிய குஞ்ச முடிச்சு இருக்கிறதா? ஸாஷிமோனோ என்னும் முதுகுக் கொடி இருந்தால், அதன் கம்பைத் தோள்பட்டைக்கு அருகே தாங்கும் பிடிப்பும் இடுப்புக்கு அருகே தாங்கும் குழியும் இருக்கின்றனவா, அல்லது கம்பு எதிலும் மாட்டாமல் முதுகில் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கிறதா? பின்கழுத்தைக் காக்கும் ஷிகொரோ தகடுகள் முன்புறத்தில் இருந்த அதே அடுக்கு எண்ணிக்கையோடு சுற்றி வருகின்றனவா? தலைக்கவசத்தைத் தாடைக்குக் கீழே கட்டும் கயிறு உண்டா? இவை எல்லாம் சரியாக இருந்தால் மற்றப் பகுதிகளைப் பெரும்பாலும் நம்பலாம்.

நிற்கும் தோரணையை நான் எடைபோடுவது கீழ்ப்பாகத் தொங்கல்களை வைத்து. இடுப்பிலிருந்து தொங்கும் குஸாஸூரி என்னும் தகட்டுப் பாவாடை பல தனித்தனித் துண்டுகளாக, நாடாக்களில் மட்டுமே தொங்குவது. ஓயோரோயில் நான்கு அகன்ற துண்டுகள். பிற்காலக் கவசத்தில் அதைவிடக் கூடுதலாக, குறுகிய துண்டுகள். வீரன் ஒரு காலை முன்வைத்தால் அந்தத் துண்டுகள் தொடையின் மேல் ஏறிப் பிரிய வேண்டும், பக்கத்துத் துண்டு நேராகத் தொங்க வேண்டும். எடையுள்ள பொருள் எடையோடு தொங்குவதைச் செதுக்குவதுதான் கலை. துணி போலத் தொடையோடு ஒட்டிக்கிடந்தாலும், காற்றில் விறைத்து நின்றாலும், கவசத்தைப் படத்தில் மட்டுமே பார்த்த ஒருவரின் வேலை அது.

அளவு பற்றிச் சிறு விளக்கம். 75 மில்லிமீட்டர் என்றால் 1/24 என்று பொதுவாகச் சொல்வது 180 சென்டிமீட்டர் உயர மனிதனை மனத்தில் வைத்து. அந்தக் காலத்து ஜப்பானிய ஆடவரின் சராசரி உயரம் 160 சென்டிமீட்டரை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோதான் இருந்தது. கண்டிப்பான 1/24 என்றால் அவர் 67 மில்லிமீட்டருக்கு மேல் வரக்கூடாது. தனி உருவமாக வைக்கும்போது இதனால் எந்த இழப்பும் இல்லை. பின்னாளில் அதே அளவில் குதிரையோ வேறு நிறுவனத்தின் வீரனோ பக்கத்தில் நிற்கப் போகிறான் என்றால்தான் கணக்குப் பார்க்க வேண்டும். ஆயுதங்களுக்கு வந்தால், இரண்டு மீட்டரையும் தாண்டும் ஜப்பானிய வில் வீரனை விட உயரமாக நிற்க வேண்டும், அதன் கைப்பிடி நடுவில் இராமல் கீழிருந்து மூன்றிலொரு பங்கு உயரத்தில் அமைய வேண்டும். வாளின் முதுகுத் தடிப்பு உண்மையில் 7 மில்லிமீட்டர் அளவுதான். 1/24இல் அது 0.3 மில்லிமீட்டர். அந்த மெல்லிசில் ரெசினை வார்த்தால் பெட்டியைத் திறக்கும்போதே ஒடிந்திருக்கும் என்பதால், சற்றுத் தடித்த வாளைக் குறையாகக் கொள்ளாதீர்கள்.

உங்கள் வீரனின் ஈட்டியைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ரெசினில் வார்த்த நீண்ட கம்பு நம் ஊர் வெப்பத்தில் வளையாமல் இருப்பது அரிது. வெந்நீரில் முக்கி நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் வைத்தால் நேராகும். அலமாரியில் சில மாதங்கள் நின்றால் மறுபடியும் வளையும். முனையை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு, கம்பைப் பித்தளைக் கம்பியால் மாற்றிவிடுவதே நிலையான வழி. ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டியது ஈட்டி நேராக இருக்கிறதா என்பதை அன்று. கைகள் ஈட்டிக் கம்பின் ஒரு துண்டோடு சேர்த்து வார்க்கப்பட்டிருக்கின்றனவா, அல்லது விரல்களுக்கு நடுவே துளை விட்டு வார்க்கப்பட்டிருக்கின்றனவா என்பதைக் கேளுங்கள். துளை இருந்தால் கம்பியைச் செருகுவது சுலபம். கம்புத் துண்டோடு இருந்தால், இரு கைகளிலும் துண்டை வெட்டி நீக்கித் துளையிட்டு ஒரே நேர்கோட்டில் கொண்டுவர வேண்டியிருக்கும். முதல் ரெசின் வேலைக்கு அது கொஞ்சம் கடுமையான பாடம்.

இனி வார்ப்பின் தரம். உங்களிடம் வரப்போவது சிலிகோன் அச்சில் பாலியூரித்தேன் ரெசினை ஊற்றி எடுத்ததா, ஒளியால் இறுகும் ரெசினில் முப்பரிமாண அச்சுப்பொறியிலிருந்து நேரடியாக வந்ததா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டையும் விற்பவர்கள் ரெசின் என்றே சொல்கிறார்கள். ஆனால் பிழைகள் வேறு. சிலிகோன் அச்சு சில பத்து வார்ப்புகளுக்குள் தேய்ந்துவிடும். கடைசி வார்ப்புகளில் நாடாவின் ஓரங்கள் மழுங்கும், ஆழ்ந்த இடங்களில் கிழிந்த சிலிகோனின் அடையாளமாகத் தேவையற்ற சதை ரெசினில் நிற்கும். அச்சின் பாதிகள் சரியாகப் பொருந்தாவிட்டால் அவை சேரும் ஒட்டுக்கோட்டில் ஒரு படி விழும். காற்றை அழுத்தக் கலத்தில் அடக்காமல் ஊற்றினால் மூக்கு நுனி, விரல், கொம்பு போன்ற கூர்முனைகளில் குமிழ்கள் தங்கும். பாலியூரித்தேன் ஈரக்காற்றோடு சேர்ந்தால் கரியமில வாயுவை வெளியிட்டு நுரைப்பது அதன் வேதியியல். நம் நாட்டுப் புழுக்கத்தில் வீட்டில் வார்த்து விற்பவர்களின் பாகங்களில் ஊசிமுனைத் துளைகள் மிகுதியாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நேரடி அச்சில் குமிழும் ஒட்டுக்கோடும் இரா. ஆனால் வளைந்த பரப்புகளில், குறிப்பாகத் தலைக்கவசத்தின் உச்சியிலும் தோள் தகட்டிலும், 0.05 மில்லிமீட்டர் அடுக்குகள் படிக்கட்டு போலத் தெரியலாம். அச்சாகும்போது பாகத்தைத் தாங்கிய தாங்குகால்களை வெட்டிய இடத்தில் பொட்டுப் பொட்டாக வடு இருக்கும். அந்த வடுக்களை எங்கே வைத்தார்கள் என்பது தயாரிப்பாளரின் அக்கறையைக் காட்டும். உள்ளங்கால், கவசத்தின் உட்பக்கம் என்று மறைவிடங்களில் இருந்தால் நல்லது. நாடாப் பின்னலின் மேல் இருந்தால் வாங்காதீர்கள். தொட்டால் பிசுபிசுக்கும் பாகம் சரியாகக் கழுவி ஒளியில் இறுக்காத பாகம். அதை வெறுங்கையால் தொடவும் வேண்டாம்.

எந்தக் குறையை ஏற்பது, எதை ஏற்காமல் விடுவது என்பதில் என் வழக்கம் வெளிப்படையானது. வழுவழுப்பான தகட்டிலோ காற்சட்டைத் துணியிலோ ஒட்டுக்கோடு இருந்தால் கத்தியால் சுரண்டி, நனைத்த உப்புத்தாளால் தேய்த்து நீக்கிவிடலாம். ரெசினை ஊற்றிய வாயில் எஞ்சி நிற்கும் ஊற்றுவாய்க் கட்டை பெரிதாக இருந்தாலும் பொறுமையாக வெட்டலாம். சிறு குமிழைப் புட்டி என்னும் நிரப்புபசையால் அடைக்கலாம். ஆனால் ஒட்டுக்கோடு நாடாப் பின்னலின் குறுக்கே ஓடினால், நாடாவே 0.4 மில்லிமீட்டருக்குள்தான் இருக்கிறது என்பதால், கோட்டைத் தேய்த்தால் பின்னலும் சேர்ந்து போய்விடும். முகத்தின் நடுவே அச்சு நழுவிய படி விழுந்திருந்தால் பேச்சே வேண்டாம். 1/24இல் ஒரு கண்ணின் அகலம் ஒன்றேகால் மில்லிமீட்டர்தான்; ஒரு கண் சற்று மேலேயும் மற்றது கீழேயும் போனால் எந்த வண்ணமும் அதைக் காப்பாற்றாது. மேன்போ என்னும் அரைமுகமூடி அணிந்த தலை இருந்தால் கண்களும் நெற்றியும் மட்டுமே வெளியே தெரியும் என்பதால், முதல்முறை செய்பவருக்கு அது உதவி. முகமூடி இல்லாத மாற்றுத் தலை ஒன்றும் பெட்டியில் வந்தால் அதற்குக் கூடுதல் விலை கொடுக்கலாம்.

பெட்டி பிரிக்காதது என்பதாலேயே அசல் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஒருவர் வாங்கிய வார்ப்பின் மேலேயே மறுபடி சிலிகோன் ஊற்றி நகல் எடுத்து விற்கும் திருட்டு இந்தத் துறையில் பழையது. நகலில் ரெசின் ஒவ்வொரு முறையும் சிறிது சுருங்குவதால் உருவம் அசலை விடக் கொஞ்சம் குறைந்திருக்கும். அசலில் கூர்மையாக இருந்த ஓரங்கள் சோப்பு கரைந்தாற்போல் உருண்டிருக்கும், அசலின் ஒட்டுக்கோடு சுத்தம் செய்யப்பட்ட தடமும் அதன் மேல் புதிய கோடும் சேர்ந்தே தெரியும். தயாரிப்பாளரின் பெயரே இல்லாமல், வண்ணம் தீட்டிய படம் மட்டும் ஒட்டிய பெட்டி என்றால் நான் விலகிவிடுவேன். ஒரு தலையை மாதக்கணக்கில் செதுக்கியவருக்கு அதில் ஒரு சென் கூடப் போய்ச் சேர்வதில்லை.

விலைக்கு வருகிறேன். அசல், அச்சு தேயாத காலத்து வார்ப்பு, மாற்றுத் தலை உண்டு, முதுகுப் பக்கம் முழுமை என்றால் 420 ரிங்கிட் எனக்கு நியாயமாகவே படுகிறது. வெளிநாட்டிலிருந்து நீங்களே வரவழைத்தால் பொருள் விலையோடு அனுப்புக் கட்டணமும் சேரும். 2024 ஜனவரி 1 முதல் 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத இணையவழி இறக்குமதிப் பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரியும் உண்டு. அதையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். மேலும், அந்த வீரன் குறிப்பிட்ட ஒரு தலைவனாக இருந்தால் அடையாளங்கள் பொருந்த வேண்டும் என்பதையும் விலை பேசும்போது நினைவில் வையுங்கள். சமச்சீரற்ற பிறைச் சின்னம் தாதே மஸாமுனேவுக்கு உரியது. மான் கொம்பும் தோளில் குறுக்காகத் தொங்கும் பெரிய மணிமாலையும் ஹொண்டா தடகட்ஸுவுக்கு. உடல் முழுக்கச் செவ்வரக்குக் கவசம் இயீ நயோமஸாவின் படைக்கு. மூன்றையும் ஒரே ஆளின் மேல் ஏற்றியிருக்கும் உருவங்களும் சந்தையில் உண்டு. கற்பனை வீரன் என்று சொல்லி விற்றால் அதில் தவறில்லை, செகிகஹாரா என்று பெயர் போட்டு விற்றால் அந்தப் பெயருக்காகக் கேட்கும் தொகையைக் கொடுக்க வேண்டாம்.

உங்கள் முன் அனுபவம் இதற்குப் போதுமா என்றால், போதும். கண்டாம் செய்தவருக்கு ஒட்டுக்கோடு நீக்கும் பொறுமை ஏற்கெனவே இருக்கும். 1/35 வீரர்களைத் தீட்டியவருக்கு 75 மில்லிமீட்டர் முகம் விசாலமாகவே தெரியும். புதிதாகப் பழக வேண்டியவை மூன்றுதான். பிளாஸ்டிக் பசை ரெசினில் பிடிக்காது, சூப்பர் க்ளூவோ இருகலவை எப்பாக்சியோ வேண்டும். கை, கால் போன்ற எடை தாங்கும் இணைப்புகளில் துளையிட்டுக் கம்பி செருகி ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்கு முன் எல்லாப் பாகங்களையும் வெதுவெதுப்பான நீரில், பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல்துலக்கியும் கொண்டு கழுவி, அச்சிலிருந்து பிரிவதற்காகப் பூசிய எண்ணெயைப் போக்க வேண்டும். தோள் கேடயங்களை உடலோடு ஒட்டிவிட்டுப் பிறகு வண்ணம் தீட்ட நினைக்காதீர்கள். கைக்கும் கேடயத்துக்கும் நடுவில் தூரிகை நுழையாது. நாடாக்களுக்கு முதலில் அவற்றின் இருண்ட நிறத்தை மொத்தமாகப் பூசி, பிறகு ஒவ்வொரு நாடாவின் மேல்முதுகிலும் மட்டும் வெளிர் நிறத்தைத் தொட்டு வைத்தால், நாடாக்களுக்கு இடையே தனியாக நிழல் கோடு போட வேண்டியிருக்காது.

அடுக்குமாடி வீட்டைப் பொறுத்தவரை, ரெசின் தூள்தான் கவலைக்குரியது. உலர்ந்த ரெசினைத் தேய்த்தால் எழும் நுண்தூள் நுரையீரலுக்கு ஆகாது. மேலே சுழலும் மின்விசிறி அதை வீடு முழுக்கப் பரப்பிவிடும். விசிறியை நிறுத்தி, உப்புத்தாளை எப்போதும் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, முகமூடி அணிந்து வேலை செய்யுங்கள். துடைத்த துணியைக் காயவிடாமல் கட்டி எறிந்துவிடுங்கள். தெளிப்பான் டப்பாவில் வரும் பிரைமரைச் சன்னலோரத்தில் அடிக்கலாம், ஆனால் பிற்பகல் மழைக்கு முந்தைய புழுக்கத்தில் அடித்தால் பரப்பு சொரசொரத்துப் போகும், மங்கல் வார்னிஷ் என்றால் வெண்மை படரும். காற்று உலர்ந்திருக்கும் நாளில், அல்லது குளிர்சாதனம் சிறிது நேரம் ஓடிய அறையில் உருவத்தையும் டப்பாவையும் வைத்திருந்துவிட்டு வெளியே எடுத்து அடித்து, உடனே மூடிய பெட்டிக்குள் வைத்து உலரவிடுங்கள். தடித்த படலம் ஒன்று அடிப்பதை விட மெல்லிய படலங்கள் இரண்டு நல்லது. தடித்து அடித்தால், முன்பு சொன்ன அரை மில்லிமீட்டர் மேடுகளின் இடைவெளிகள் முதல் படலத்திலேயே நிரம்பிவிடக்கூடும். விற்பவர் பாகங்களின் படங்களை அனுப்பியதும், தலைக்கவசத்தின் உச்சி, முதுகு, இரு கைகள் ஆகியவற்றின் படங்களை எனக்கும் அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.